ஒரு மாத்திரைக்குள் ரெண்டு மருந்து!

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஒருவராவது இல்லாத வீடு எங்கள் தஞ்சாவூர் பக்கம் இப்போது குறைவு. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் சொன்னது. நோய் யாருக்கு வந்தாலும், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதும், தீர்ந்தால் மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புவதும் நம் தலையில்தானே! அதனால்தான் இதைச் சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு வயது 67. ரெண்டு மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்கு, டாக்டர் ஒரே மாத்திரையாக மாற்றி எழுதிக் கொடுத்தார். "ரெண்டை ஒண்ணா கொறச்சிட்டாரு, சக்கரை எறங்கிடுச்சு போல" என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். அட்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. குறையவில்லை, ரெண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சேர்ந்திருந்தாலும் ரெண்டுக்கும் குணம் வேறு. மெட்ஃபார்மின், கல்லீரல் அதிகப்படியாகச் சர்க்கரையை உண்டாக்கி ரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. அதைத் தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்து போவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. வயிற்றில் சோறு இருக்கிறதா, இல்லையா என்றெல்லாம் அது பார்க்காது!

போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அத்தை விரதம். பெருமாளுக்குப் படையல் போட்ட பிறகுதான் சாப்பாடு. நான் சமையலில் இருக்கும்போது, வழக்கம் போலக் காபியோடு மாத்திரையை அவரே போட்டுக் கொண்டுவிட்டார். பதினோரு மணி இருக்கும். உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்க, என்னையே "யாரும்மா நீ?" என்று கேட்டார். கூடியிருந்தவர்கள், "விரதக் களைப்பு, கொஞ்சம் படுக்க வை" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. விழுங்கும் நிலையில் இருந்ததால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார். இட்லியும் சாப்பிட வைத்தேன். ஆனாலும் மத்தியானம் மறுபடி அதே வேர்வை, அதே உளறல். காரில் ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். அங்கே பார்த்தபோது சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வுதானாம். குளுக்கோஸ் ஏற்றி, ராத்திரி முழுக்க அங்கேயே வைத்திருந்தார்கள்.

இட்லி சாப்பிட்ட பிறகும் ஏன் மறுபடி வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். "கிளிமிபிரைடின் வேகம் ஒரு நாள் வரைக்கும் இருக்கும்மா. வயசானவங்களுக்கு, கிட்னி பலவீனமா இருந்தா, இன்னும் நீளும். தெளிஞ்சிட்டாங்கன்னு வீட்டிலேயே வெச்சிக்கக் கூடாது" என்றார். விரத நாளில் மாத்திரையைப் போடுவதா, விடுவதா, அளவைக் குறைப்பதா என்பதை முதல் வாரமே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டுமாம். நாமாக முடிவு செய்யக் கூடாது.

விரதத்துக்கு மட்டுமல்ல இது. எங்கள் ஊரில் நடவுக்குப் போகிற பெண்கள் விடிகாலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வயலில் இறங்கிவிடுவார்கள். பழைய சோறு வரப்புக்கு வரும்போது மணி பத்தாகும். டீயோடு இந்த மாத்திரையையும் போட்டுக் கொண்டால் என்ன ஆகும்? வெறும் வயிறு, குனிந்த வேலை, மேலே வெயில். மயங்கி விழுந்தால் பித்தம் என்பார்கள்! அன்றைய முதல் முழுச் சாப்பாட்டோடுதான் இதைச் சாப்பிட வேண்டும். மெட்ஃபார்மினுக்கும் அதுவே நல்லது. வயிற்றுப் புரட்டல் குறையும்.

இன்னொரு நுணுக்கம். சில மாத்திரைகளில் மூன்றாவதாக வோக்லிபோஸ் என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். சீனியும் வெல்லமும் குடலில் உடைந்து ரத்தத்தில் சேர்வதை அது தாமதமாக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் சீனித் தண்ணீர் சட்டென்று உதவாது. குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றி விடாதீர்கள். புரையேறிவிடும். 108-க்குப் போன் செய்யுங்கள்.

கடையில் வாங்கும்போது பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் 1, 2 என்பது கிளிமிபிரைடின் அளவு. 1 கிடைக்கவில்லை என்று 2-ஐக் கொடுத்தால் அந்த மருந்து அப்படியே இரண்டு மடங்கு. "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று யார் சொன்னாலும் சீட்டைக் காட்டிச் சரிபாருங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! ஆனால், தனியாரிடமும் காட்டிக் கொண்டு, ரெண்டு இடத்து மாத்திரைகளையும் சேர்த்து விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இருப்பது அதே மருந்தாக இருக்கலாம். வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் பெண்ணிடமும் டாக்டரிடமும் எல்லா அட்டைகளையும் காட்டிவிடுங்கள்.

கூட்டு மாத்திரை என்றாலே நல்லது என்றோ, கெட்டது என்றோ சொல்ல முடியாது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அதில் சர்க்கரை நோய்க்கான சிலவும் இருந்தன. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் மட்டும் சேர்ந்த இந்த மாத்திரை இன்றும் டாக்டர்கள் எழுதுவதுதான். ஒன்றை மறந்து போனோமே என்று அடுத்த வேளை ரெண்டாகப் போடாதீர்கள். 'எஸ்.ஆர்.' என்று போட்டிருந்தால் பொடி செய்து தரக் கூடாது. மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

வாந்தி பேதி கண்டால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் என்றாலும் முன்பே சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினின் பரிசோதனை வேண்டும். கால் மதமதப்பு வந்தால் எல்லாமே சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாதீர்கள். பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12 சத்து குறையலாம். எங்கள் அத்தைக்கு அப்படித்தான் இருந்தது. இப்போது அதற்கும் ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு.

- ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, தஞ்சாவூர் மாவட்டம்.