வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் எதில் சேர்த்து வைப்பது?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் கேட்கும் கேள்வி, இதில் எத்தனை ஜிபி இடம் இருக்கிறது என்பது தான். அந்த இடத்தில் சேர்த்து வைத்தது பத்து ஆண்டு கழித்தும் இருக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. என் தாய்மாமாவும் கேட்கவில்லை. போடிநாயக்கனூரில் வீடு, போடிமெட்டு தாண்டி மலையில் ஏலத்தோட்டம் என்று இருப்பவர். ஒரு நாள் பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே 46 டி.வி.டி.க்கள். 2004 முதல் எடுத்த கல்யாணம், காதுகுத்து, தோட்டத்து வீடியோக்கள். எல்லாம் தோட்டத்து வீட்டு அலமாரியில் இருந்தவை. என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில் 13 டிஸ்க்குகள் திறக்கவே இல்லை. அவற்றில் ஒன்றில் தான் அம்மாச்சி பேசும் வீடியோ இருந்தது. அதற்கு வேறு காப்பி கிடையாது.

திறக்காத டிஸ்க்குகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சிலவற்றில் விளிம்பில் இருந்து உள்ளே வெள்ளை நூல் போலப் படர்ந்திருந்தது. கேமரா லென்ஸில் பிடிக்குமே, அதே பூஞ்சை. டிஸ்க்கைப் பூஞ்சை தின்னுமா என்று சிரிக்க வேண்டாம். மத்திய அமெரிக்காவில் உள்ள பெலிஸ் நாட்டில் இருந்து வந்த ஒரு சி.டி.யின் பிளாஸ்டிக்கையும் அலுமினியப் படலத்தையும் பூஞ்சை அரித்திருப்பதை 2001ல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் கண்டறிந்து எழுதினார்கள். அதுவும் வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடு. பூஞ்சை வராத டிஸ்க்குகளும் சில படிக்கவில்லை. நாம் எழுதும் டி.வி.டி.யில் டேட்டா பதிவது ஒரு சாயப் படலத்தில் தான். ஈரத்திலும் சூட்டிலும் அது நாளடைவில் வெளுத்துப் போகும்.

சரி, இனி சேர்ப்பதை எதில் சேர்ப்பது? முதலில் மொத்த அளவைத் தெரிந்து கொள்ளுங்கள். போல்டர் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்தால் அளவு கிடைக்கும். மாமாவின் மொபைல், லேப்டாப், பழைய ஹார்ட் டிஸ்க், தப்பிய டி.வி.டி.க்கள் எல்லாம் சேர்த்து 1.7 டெராபைட் வந்தது. (1 டெராபைட் டிஸ்க் வாங்கி மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024ஆகக் கணக்கிடுகிறது.)

இந்த 1.7 டெராபைட்டை மீண்டும் சாதா டி.வி.டி.யில் எழுத 360க்கு மேல் டிஸ்க் வேண்டும். 100 ஜிபி கொள்ளும் புளூ-ரே டிஸ்க் என்றால் 17 போதும். அதில் எம்-டிஸ்க் என்ற வகையில் சாயத்துக்குப் பதில் கல் போன்ற கனிமப் படலம் இருப்பதால் ஆயிரம் ஆண்டு தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். தாங்கட்டும். அதைப் படிக்கும் டிரைவ் இருக்குமா? எழுதும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை பானசோனிக் 2023லும் சோனி 2025லும் நிறுத்தி விட்டன. இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் டிரைவே கிடையாது.

பென் டிரைவும் எஸ்.எஸ்.டி.யும் அலமாரியில் போட்டு வைக்க ஏற்றவை அல்ல. இவற்றில் டேட்டா மின்னேற்றமாக நிற்கிறது. கரண்ட் கொடுக்காமல் வைத்தால் அது மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்த எஸ்.எஸ்.டி., கரண்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு டேட்டாவைக் காத்தால் போதும் என்பது தான் இத்துறையின் தர அளவு. புதியது இன்னும் அதிகம் தாங்கும் என்றாலும், போடியின் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அன்றாட வேலைக்கு எஸ்.எஸ்.டி. அருமையானது, அதோடு சரி.

பெரிய நிறுவனங்கள் எல்.டி.ஓ. என்னும் டேப்பில் சேமிக்கின்றன. சரியாக வைத்தால் 30 ஆண்டு நிற்கும். ஆனால் டிரைவ் விலை லட்சங்களில், எனவே வீட்டுக்கு வேண்டாம்.

இன்டர்நெட்டில் ஏற்றி விடலாமே என்பார்கள். அப்லோட் வேகம் 10 எம்.பி.பி.எஸ். என்றால் 1.7 டெராபைட் ஏற இரவு பகலாக ஏறக்குறைய 16 நாள் ஆகும். தோட்டத்தில் அந்த வேகம் கிடைத்தால் சந்தோஷம். மேலும், இலவசம் என்று நம்பி இருக்க முடியாது. கூகுள் போட்டோஸ் தன் அளவில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது. இரண்டு ஆண்டுகள் தொடாத கூகுள் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கவும் தொடங்கியது. எனவே எல்லாவற்றையும் ஏற்றாமல், போனால் மீண்டும் எடுக்க முடியாத படங்களையும் பத்திரங்களையும் மட்டும் தனி போல்டரில் பிரித்து ஏற்றச் சொன்னேன். 60 ஜிபி வந்தது.

மீதிக்கு நான் தேர்ந்தெடுத்தது பழைய ஆள் தான், சுழலும் ஹார்ட் டிஸ்க். யு.எஸ்.பி.யில் மாட்டும் வகை, 4 டெராபைட், இரண்டு. ஒரே நாளில் ஒரே பெட்டியில் இருந்து இரண்டை வாங்காதீர்கள். ஒன்றில் தயாரிப்புக் குறை இருந்தால் மற்றதிலும் இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் நிரந்தரமானதா என்றால் இல்லை. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் வெளியிட்டு வரும் கணக்கின்படி, ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று இரண்டு பழுதாகிறது. அதுவும் ஏசி அறையில். ஆகவே ஒரு டிஸ்க் கட்டாயம் போகும் என்று வைத்துக் கொண்டு தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே வீட்டில் வைத்தால் வாங்கியதே வீண். யாழ்ப்பாணம் நூலகத்தில் 1981ல் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்த போது, வேறு எங்கும் பிரதி இல்லாதவை அதோடு போயின. 2018 ஆகஸ்டில் இடுக்கி மாவட்ட மலைகளில் அடுத்தடுத்து மண் சரிந்ததை மாமா நேரில் பார்த்தவர். இரண்டு டிஸ்க்கும் தோட்டத்தில் இருக்கட்டும் என்று சொன்னவர், அதை நினைவுபடுத்தியதும் அடங்கி விட்டார். இப்போது லேப்டாப்பில் ஒன்று, போடி வீட்டில் ஒன்று, மதுரையில் என் வீட்டில் ஒன்று. மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், ஒன்று வெளியூரில் என்பதை 3-2-1 விதி என்பார்கள். பீட்டர் கிராக் என்ற அமெரிக்க போட்டோகிராபர் பரப்பியது.

மலையில் பேக்கப் டிஸ்க்கே வைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணத்தை மாமாவே சொன்னார். "ஸ்டோர்ல காய வச்ச காயை பாலிதீன் போட்ட சாக்குல கட்டாம விட்டா ஈரம் ஏறி நிறம் போயிரும் மாப்ள, அது மாதிரியா?" அதே தான். போடியிலும் டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறோம். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து விட்டது, மாற்ற வேண்டும். இன்னொன்று, குளிர்ந்த மலையில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவு இறங்கி போடிக்கு வந்ததும் லேப்டாப்பையோ டிஸ்க்கையோ உடனே ஆன் செய்யாதீர்கள். வெளிக் காற்றின் ஈரம் அதன் மேல் வேர்த்து நிற்கலாம். பையிலேயே இரண்டு மணி நேரம் இருக்கட்டும்.

காப்பி செய்யும் போது இழுத்துப் போட்டு விட்டுப் போகாமல் டெராகாப்பி போன்ற இலவச புரோகிராமில் வெரிஃபை வசதியைத் தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் பைல் ஒன்றே தானா என்று அது சரிபார்க்கும். முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி விடுங்கள். ஐப்பசி இடி மின்னலுக்கும் அது தான் பாதுகாப்பு, 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாகிரை போன்ற வைரஸ்களுக்கும் அது தான். மாட்டியே இருக்கும் டிஸ்க்கில் உள்ள பைல்களையும் அவை பூட்டி விடும்.

டிஸ்க் நன்றாக இருந்தும் பைல் திறக்காமல் போவது உண்டு. மாமாவின் 2003 வரவு செலவுக் கணக்கைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்தது. யுனிகோட் பரவும் முன் பாமினி, டாம், டாப், திஸ்கி என்று ஆளுக்கொரு முறை இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது தமிழாகத் தெரியாது. உங்களிடமும் இருந்தால், எழுத்துருவின் பெயர் நினைவிருக்கும் போதே கன்வெர்ட்டர் கொண்டு யுனிகோடுக்கு மாற்றி, ஒரு பி.டி.எஃப். காப்பியும் வைத்து விடுங்கள். படங்களுக்கு ஜேபெக், வீடியோவுக்கு எம்.பி.4 போதும்.

திறக்காத 13 டி.வி.டி.க்களை மென்மையான துணியால் நடுவில் இருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, வேறு இரண்டு பழைய டிரைவ்களில் போட்டுப் பார்த்தேன். ஒரு டிரைவ் மறுப்பதை இன்னொன்று படிப்பது உண்டு, எனவே ஒரே முயற்சியில் தூக்கி எறியாதீர்கள். 8 முழுதாக வந்தன, 4 வரவே இல்லை. அம்மாச்சியின் 22 நிமிட வீடியோவில் முதல் 4 நிமிடம் மட்டும் கிடைத்தது. காய் எடுப்பவர்களுக்குக் கூலிக் கணக்குச் சொல்லிக் கொண்டிருக்கிறார், பாதியில் நின்று விடுகிறது.

அந்த 4 நிமிடம் இப்போது மூன்று இடத்திலும் இன்டர்நெட்டிலும் இருக்கிறது. டிஸ்க்குகளின் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். காய் எடுப்பு தொடங்கும் ஆடியில் ஒரு முறை, முடியும் தையில் ஒரு முறை மாட்டி, சில பைல்களைத் திறந்து பார்த்து, புதியவற்றைச் சேர்க்கிறோம். ஐந்தாம் ஆண்டில், பழுதாகாவிட்டாலும், புது டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றி விடுவோம்.