மழையோடு வரும் ராட்சத நத்தை

மழை பெய்த மறுநாள் காலையில் வெண்டைக் கன்றின் தளிர்கள் காணாமற்போய், தொட்டியின் விளிம்பில் பளபளக்கும் பிசின் தடம் காய்ந்திருந்தால், வந்து போனது நத்தையே. நம் நாட்டில் பெருந்தொல்லை தருவது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்த இனம் இது. இன்று கேரளம் உட்படப் பல மாநிலங்களில் பரவியுள்ளது. ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டுமென்பதால் வெள்ளையடித்த சுவரையும் இது சுரண்டும்!

நம்மில் பலர் செடியடியில் உப்பைத் தூவுகிறோம். நத்தை சாகும், மண்ணும் பாழாகும். அதைவிட, மாலையில் ஈரச்சாக்கை விரித்து, அதனடியில் முட்டைக்கோஸ் இலைகளையோ பப்பாளி இலைகளையோ வைப்போம். விடியுமுன் அங்கே திரளும் நத்தைகளைக் கையுறை அணிந்து பொறுக்கி, வாளியில் கரைத்த அடர்த்தியான உப்புநீரில் இட்டுக் கொன்று, செடிகளுக்கு அப்பால் ஆழப் புதைக்கலாம். அடுத்த வீட்டு மதிலுக்கு அப்பால் எறிவது தீர்வாகாது. அவை திரும்பி வரும்.

வெறுங்கையால் தொடவே கூடாது. மூளையுறை அழற்சியை உண்டாக்கும் புழு இந்நத்தைகளில் இருக்கக்கூடும். குழந்தைகளை விலக்கி வைப்பதும், தோட்டத்துக் கீரையை நன்கு கழுவுவதும் அதனாலேயே. நத்தைக்கான குருணை மருந்துகளில் சில, வளர்ப்பு நாயின் உயிரையே பறிக்கக்கூடியவை.

ஒரே ஈட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை மண்ணுக்குள் இடவல்லது இது. ஆதலால் ஓரிரவோடு நிறுத்தாமல், மழைக்காலம் முழுவதும் சாக்கை விரித்து வருவோம்.