பூசைக்குப் பிறகு, அந்தப் பின்னறையில்!

இந்த அறைக்குள் உட்கார அனுமதி வாங்க நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. திருவொற்றியூர் பக்கத்துப் பங்கு ஒன்று. ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைகிறபோது, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் கூடுகிறார்கள். கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்களின் வீட்டுக்கே போய், மாதக்கணக்கில் கூட நிற்பவர்கள். எனக்கு விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: “பேரு, தெரு எதுவும் எழுதக் கூடாதும்மா.” சரி என்று தலையாட்டிவிட்டு, குதிக்காத குறையாக உள்ளே போனேன்.

ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், கணக்கு டீச்சர், காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்பவர், கல்லூரி மாணவி. ஜெபம், சின்ன வாசிப்பு, போன வாரக் குறிப்பு எல்லாம் மளமளவென்று முடிந்தன. அப்புறம்தான் அசல் வேலை.

“பச்சைக் கதவு வீடு எப்படி இருக்கு?”

இங்கே எந்தக் குடும்பத்துக்கும் பேர் கிடையாது, அடையாளம் மட்டும்தான்! பச்சைக் கதவு வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை செய்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். தடை முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது, தண்டல்காரர் தினமும் வாசலில். இந்த வீட்டுக்குப் போகும் இருவர் அரிசி மட்டும் கொடுத்துவிட்டு வரவில்லை. அந்த அம்மாவோடு தரையில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று நோட்டில் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று முடிவுசெய்தது அந்த அம்மாதான். டீச்சர் இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஏன் எப்போதும் இரண்டு பேராகவே போகிறீர்கள் என்று கேட்டேன். பெரியவர் சொன்னார்: “ஒருத்தர் பேசணும். இன்னொருத்தர் அடுப்பைப் பார்க்கணும். ‘சாப்டாச்சு’ன்னு சொல்லுவாங்க, அடுப்பு நேத்துலேர்ந்து எரிஞ்சிருக்காது.” இதைப் பயிற்சிப் புத்தகத்தில் போட வேண்டும், சத்தியமாக.

இந்த வழக்கம் தொடங்கியது 1833 ஏப்ரல் 23, பாரிஸில். இடம், ஒரு பத்திரிகை அலுவலகம்! (எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெருமை உண்டா?) பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவருக்கு அன்றுதான் 20 வயது நிறைந்தது. ஏழைகளுக்காக இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, வீடு தேடிப் போய்ப் பதில் சொன்னார்கள் அவரும் நண்பர்களும். எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்று அந்தப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி ராந்து என்ற கன்னியாஸ்திரி. துணை நிற்பவர்களுக்கே ஒரு துணை! 1997-ல் ஓசானாமுக்கும், 2003-ல் ரோசலிக்கும் அருளாளர் பட்டம் கொடுத்தது திருச்சபை.

மதம் கேட்பதில்லை என்பதும் சபையின் விதி. பச்சைக் கதவு வீட்டு உள்சுவரில் அங்காளம்மன் படம்தான் இருக்கிறதாம். இராயப்பர் கோயிலைப் படகோட்டிகளே கட்டி எழுப்பிய கரை இது. கடல்காரர் வீட்டுக் கஷ்டத்தில் நம்மவர், அடுத்தவர் என்று யார் பிரிப்பது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கருத்துப்போனபோது கூட்டம் கூட்டமாக உதவி வந்தது. அது நல்லதே. ஆனால் கேமராக்கள் போன பிறகு வருகிற மார்ச், ஏப்ரலில் கதவைத் தட்டுபவர்களே எனக்கு முக்கியமாகப் படுகிறார்கள்.

இப்போது நான் காத்திருந்த காட்சி! ஒரு துணிப்பை கைமாறி வருகிறது. எல்லோரும் மூடிய கையை உள்ளே விட்டு, மூடிய கையையே வெளியே எடுக்கிறார்கள். யார் நூறு போட்டார், யார் ஒன்றுமே போடவில்லை, கடவுளுக்குத்தான் தெரியும். இரகசியக் காணிக்கை. பை என்னிடம் வந்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

இன்னொரு இரகசியமும் கசிந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர், சில வருடங்களுக்கு முன் இவர்கள் தேடிப் போன வீட்டைச் சேர்ந்தவராம். யார் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை, எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்!

அதற்குள் ஜோடி பிரித்தாகிவிட்டது. எர்ணாவூருக்கு டீச்சரும் மாணவியும். அங்கே ஒரு அம்மாவுக்கு ஆதாரில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர், விதவை உதவித்தொகை நின்று கிடக்கிறது. நாளைக்கு அவரை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போய், கூடவே வரிசையில் நிற்க வேண்டும். படியிறங்கும்போதே மாணவி கத்துகிறாள்:

“டீச்சர், போன வாரம் ஜெராக்ஸ் மறந்துட்டீங்க, இந்த வாட்டி நான் ரெண்டு செட் எடுத்துட்டேன்!”