'வூல்' என்று விற்பதெல்லாம் வூல்தானா?

எட்டாம் நம்பர் பின்னல் ஊசி கேட்டு ஒரு சகோதரி உங்கள் கடைக்கு வந்தால் எதை எடுத்துக் கொடுப்பீர்கள்? பழைய பிரித்தானிய அளவில் எட்டு என்றால் 4 மில்லிமீற்றர் தடிப்பு. அமெரிக்க அளவில் அதே எட்டு 5 மில்லிமீற்றர். முன்னதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், பின்னதில் தடிக்கும். பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பின்னுபவருக்கு அமெரிக்க எட்டைக் கொடுத்து அனுப்பினால், மகனுக்குப் பின்னிய சுவெட்டர் வாப்பாவுக்கு அளவாக வந்து நிற்கும். பழி கடைக்காரர் தலையில்தான் விழும். ஊசிப் பெட்டிகளில் மில்லிமீற்றர் அளவை எழுதி ஒட்டுவதற்கு அரை நாள் கூடப் பிடிக்காது.

பொழுதுபோக்காகப் பின்னல், பூவேலை செய்பவர்கள் பெரும்பாலும் எம்மை விடச் சரக்கை அறிந்தவர்கள். வழுக்கும் நூலுக்கு மூங்கில் ஊசியும், வேகமாகப் பின்ன உலோக ஊசியும் கேட்பார்கள். எம்ப்ரொய்டரி செய்பவர் கறுப்பு நூல் என்று கேட்காமல் 'டிஎம்சி 310' என்று இலக்கம் சொல்லிக் கேட்பார். இப்படி நாலு பேர் கூடினால் ஊசியும் நூலும்தான் பேச்சு. அந்தப் பேச்சில் உங்கள் கடையின் பெயரும் அடிபடும்.

அப்படி அடிபடுவது அநேகமாக 'வூல்' விஷயத்தில்தான். எமது கடைகளில் பின்னல் நூல் எல்லாவற்றுக்கும் வூல் என்றே பெயர். ஆனால் அதில் பெரும்பகுதி அக்ரிலிக். அக்ரிலிக் கெட்ட சரக்கு அல்ல. விலை குறைவு, கழுவ இலேசு, பூச்சி அரிக்காது. அதை அக்ரிலிக் என்று சொல்லியே விற்கலாம். ஆட்டு உரோமம் என்று நம்பி வாங்கியவர் வீட்டில் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தால் கதை முடிந்தது. உண்மையான கம்பளி முடி கருகும் மணம் வீசி, நெருப்பை எடுத்ததும் தானாக அணையும். சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தி கடதாசி போல எரியும். அக்ரிலிக் உருகி எரிந்து கல் போன்ற கறுப்பு மணியாகிவிடும். ரெயோன் மட்டும் பருத்தியைப் போலவே எரிந்து ஏமாற்றும். நனைந்தால் பருத்தி பலம் கூடும், ரெயோன் பலம் குறையும் என்பதை வைத்து அதைப் பிடிக்கலாம். மொத்தமாகக் கொள்வனவு செய்யும்போது இந்தச் சோதனையை நாமே செய்து பார்த்தால் என்ன?

நிறை விஷயமும் உண்டு. பருத்தி, அக்ரிலிக்கை விட அடர்த்தியானது. ஒரே தடிப்புள்ள நூலில் 50 கிராம் பருத்தி உருண்டை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீளம் குறையலாம். நிறையோடு மீற்றர் அளவையும் சொல்லி விற்றால், "நூல் காணவில்லை" என்று யாரும் திரும்பி வரமாட்டார்கள். அப்படியும் மேலதிகமாக ஓர் உருண்டை தேடி வருபவருக்கு அதே சாயத் தொகுதி இலக்கத்தில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாகிவிடும்.

மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த ஹதீஸ் எமது வியாபாரிகள் அறியாததல்ல. லேபல் விஷயமும் அதே வகைதான். நாட்டுச் சட்டமும் சும்மா இருக்கவில்லை. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்கிறது.

இனி, நாம் கூட்டி வீசும் துண்டு நூல். பூவேலை செய்யும் ஆங்கிலப் பெண்கள் வெட்டிய நுனிகளைக் கூடக் கண்ணாடிப் போத்தலில் சேர்த்து வைத்து 'ஓர்ட்ஸ்' என்பார்கள். சாப்பாட்டு மிச்சத்துக்கு வழங்கிய பழைய சொல்லாம்! பொம்மைக்கும் ஊசி குத்தும் மெத்தைக்கும் அதை அடைப்பார்கள். மருதமுனைத் தறிகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மிஞ்சும் நூலுக்கு இவர்களைப் போன்றோர் நல்ல வாடிக்கையாளர்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளிப் போட்டு விற்றால் எடுபடாது. பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்து பின்னிய துணியில், முதல் சலவையிலேயே ஒன்று சுருங்கும், மற்றது அப்படியே நிற்கும். பருத்திக்கு வைக்கும் சூட்டில் ஸ்திரி போட்டால் அக்ரிலிக் பகுதி தட்டையாகிவிடும். வகை பிரித்து, நூறு நூறு கிராம் பெக்கட்டாகக் கட்டி, 'பருத்தி மட்டும்' என்று மேலே எழுதி வையுங்கள். இனம் தெரியாததை 'கலப்பு' என்றே எழுதுங்கள். அதையும் வாங்க ஆள் இருக்கிறது, விலைதான் கொஞ்சம் குறையும்.