கிணற்றடித் தக்காளி

மாரி மழை ஓய்ந்ததும் கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வளவின் கிணற்றடியை எட்டிப் பாருங்கள். சட்டி கழுவி ஊற்றுகிற இடத்தில் யாரும் நடாத தக்காளிக் கண்டு நாலைந்து நிற்கும். இலையைக் கசக்கினால் விரலில் பச்சை பிசுபிசுக்கும். வாசமே ஆளைச் சொல்லிவிடும்.

பழத்துக்குள் இல்லாத ஈரமா? பின் ஏன் விதை அங்கேயே முளைப்பதில்லை? விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பும் அப்சிசிக் அமிலம் என்ற ஹோர்மோனும்தான் அதை அடக்கி வைத்திருக்கின்றன. மட்டுமீறிப் பழுத்ததை வெட்டினால் சிலவேளை உள்ளேயே வால் விட்டிருக்கும். காவல் தளர்ந்த பழம் அது. பழம் அழுகும்போது நுண்ணுயிர்கள் அந்த வழுவழுப்பைத் தின்றுவிட, விதை விடுபடுகிறது. விதைக்காகத் தக்காளி வளர்ப்போர் சாற்றை ஓரிரு நாள் புளிக்க வைத்துக் கழுவுவதும் இதற்காகவே. உம்மாமார் வீசும் குசினிக் குப்பை இதைக் கூலியில்லாமல் செய்கிறது.

வயிறும் செய்யும். கலாபகோஸ் தீவுகளின் காட்டுத் தக்காளி விதை சும்மா போட்டால் முளைப்பது அரிது. பெரிய ஆமை தின்று கழித்தால் நன்றாக முளைக்கிறது என்று ஆய்வாளர்களான சார்ள்ஸ் ரிக்கும் ரொபர்ட் போமனும் 1961இல் எழுதினார்கள். 1963இல் கடலுக்குள்ளிருந்து எழுந்த ஐஸ்லாந்தின் சேர்ட்சி தீவிலும் ஒரு தக்காளிச் செடி தலைகாட்டியது. ஆராய்ந்தால், அங்கு போன மனிதர் ஒருவர் ஒதுங்கிய இடம் அது!

கண்டு வந்துவிட்டது, காய் எப்படியிருக்கும்? சந்தையில் வாங்கியது கலப்பினப் பழமென்றால், அதன் பிள்ளைகள் ஒன்றுபோல் இரா. ஒன்று புளிக்கும், ஒன்று சிறுக்கும், ஒன்று தாயையும் மிஞ்சும். அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று நாலை வைத்துக்கொள்வதே புத்தி. காலமும் முக்கியம்: இரவு வெப்பம் 21 பாகையைத் தாண்டினால் காய் பிடிப்பது குறையத் தொடங்கும். நம் கிழக்குக் கரையில் இரவு ஓரளவு குளிர்வது டிசம்பர் தொட்டு பெப்ரவரி வரைதான். மாரியோடு முளைத்த கண்டு அந்த நாட்களில் பூத்தால் அதிர்ஷ்டம்.

பிடுங்கி நடுவதானால் அந்தியில் நடுங்கள், தண்டின் பாதி மண்ணுக்குள் போகட்டும். புதைந்த தண்டிலும் வேர் விடும். நீர் நில்லாத நம் கடற்கரை மணலில் அந்த மேலதிக வேர் பெரிய உதவி.

பச்சையாய் நின்றது திடீரென்று வாடினால், தண்டை அறுத்துத் தெளிந்த நீருள்ள கிளாசில் தொங்கவிடுங்கள். பால்போல் ஒரு இழை இறங்கினால் அது பக்டீரியா வாடல். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, அவ்விடத்தில் கத்தரியோ மிளகாயோகூட வைக்காதீர்கள்.