மலையேறும் கியர்

அமெரிக்காவின் கொலராடோ மலையில் லெட்வில் என்றொரு ஊர். உயரம் 3,000 மீட்டருக்கு மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. அங்கு நடக்கும் 100 மைல் மலைப்பாதை சைக்கிள் பந்தயத்தில் 2021, 2022, 2023, 2024 நான்கு வருடமும் முதலில் வந்தவர் கீகன் ஸ்வென்சன். 2023-ல் 5 மணி 43 நிமிடத்தில் முடித்தார். 2015-லிருந்து நின்ற சாதனை 15 நிமிட வித்தியாசத்தில் உடைந்தது!

காரணம் கியர்தானா? பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் மிதிப்பது லேசாகும். ஆனா வேகம் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்கணும். கியர் சக்தியை உண்டாக்காது, பங்கு போட்டுத்தான் கொடுக்கும். சக்தி காலிலிருந்துதான் வரணும். ஆறு மணி நேரம் அந்தக் கால் சோராமல் இருப்பதற்குப் பெயர்தான் பயிற்சி.