மெமோ வாங்கினவன் பெயர் நிற்கும்!

உங்கள் ஆபீஸில் முப்பது வருஷம் நேரத்துக்கு வந்து, சத்தம் காட்டாமல் வேலை பார்த்து ரிடையர் ஆனவரைப் பற்றி ரிக்கார்டு ரூமில் தேடிப் பாருங்கள். சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி... அவ்வளவுதான். மேனேஜரோடு மல்லுக்கட்டினவரைத் தேடுங்கள். மெமோ, அதற்குப் பதில், பதில் திருப்தியாக இல்லை என்று இன்னொரு மெமோ, விசாரணை அறிக்கை என்று தலையணை கனத்துக்கு ஃபைல் இருக்கும். நல்ல பிள்ளைக்குச் சரித்திரம் கிடையாது சார்!

இந்தப் பேருண்மை எனக்கு டேனியல் பூன் புண்ணியத்தில் விளங்கியது.

யார் இந்த பூன்? பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கா இன்னும் பிரிட்டிஷ்காரன் காலனி. வெள்ளையர்கள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைப் பக்கம்தான் இருந்தார்கள். மேற்கே அப்பலாச்சியன் மலை. அதைத் தாண்டினால் கென்டக்கி. ஷானி போன்ற பூர்வகுடிகள் வேட்டையாடும் பூமி. 1775-ல் முப்பது பேர் கொண்ட ஒரு கோஷ்டியைக் கூட்டிக்கொண்டு, கம்பர்லாண்ட் கணவாய் வழியாகப் பாதை வெட்டிப் போய்க் குடியேறியவர்தான் பூன். 1784-ல் ஜான் ஃபில்சன் என்பவர் இவரைப் பற்றி எழுதப்போக, மனுஷர் உலகப் புகழ். அப்புறம் என்ன, கட்டுக்கதைகள் கொடிகட்டிப் பறந்தன.

கதையைக் கழித்துவிட்டு நிஜ மனுஷனைக் கண்டுபிடிப்பது எப்படி? வம்சாவளி ஆராய்ச்சிக்காரர்கள் ஆடிட்டர் மாதிரி. 'வவுச்சர் எங்கே?' என்பார்கள். பி.காம். படித்த எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போனது.

முதல் தகராறு பிறந்த தேதியில். 1734 அக்டோபர் 22 என்கிறது ஒரு கணக்கு. நவம்பர் 2 என்கிறது இன்னொன்று. இரண்டும் சரி! 1752-ல் பிரிட்டனும் அதன் காலனிகளும் காலண்டரை மாற்றின. செப்டம்பர் 2-ஆம் தேதி ராத்திரி படுத்தவர்கள், எழுந்தபோது தேதி 14. நடுவே 11 நாள் அபேஸ். (அந்த 11 நாளுக்குச் சம்பளம் உண்டா என்று யாராவது கேட்டிருப்பார்கள்!) பூன் மட்டும் கடைசிவரை பழைய அக்டோபர் தேதியையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது மரம். டென்னஸியில் ஒரு மரத்தில், '1760-ல் டி. பூன் இங்கே கரடியைக் கொன்றான்' என்ற பொருளில், எழுத்துப் பிழையோடு செதுக்கியிருந்தது. ஊரே கொண்டாடியது. ஆடிட்டர் பார்வையில் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பூன் அதிகம் படிக்காதவர்தான், எழுத்துப் பிழைக்கும் குறைவில்லை. ஆனால் தன் பெயரின் கடைசியில் 'ஈ' என்ற எழுத்தை விடாமல் போடுவார். மரத்தில் அதைக் காணோம்!

சரி, நம்பத்தக்க வவுச்சர் எங்கே கிடைத்தது? பூன் குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. குவேக்கர்கள் மாதம் ஒரு முறை சபை கூடி, நடந்ததை ஒன்று விடாமல் நோட்டில் எழுதுவார்கள். ஊர் மாறினால்கூட, 'இன்னார் ஒழுக்கமானவர்' என்று பழைய சபையிடம் சர்ட்டிபிகேட் வாங்கி வரவேண்டும். இங்கிலாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்குக் குடும்பத்தோடு வந்த தாத்தா ஜார்ஜ் பூன், 1717-ல் அப்படி ஒன்றை நீட்டியது பதிவாகியிருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வரி. நல்லவேளை, கலப்புத் திருமணம் வந்தது!

1720-ல் தாத்தா, தன் பெண் சபைக்கு வெளியே ஒருவரை மணக்கச் சம்மதம் கொடுத்துவிட்டு, தப்புதான் என்று சபையில் ஒப்புக்கொண்டார். பதிவு. 1742-ல் பூனின் அக்கா சாரா வேற்றுப் பிரிவுக்காரரை மணந்தாள். அப்பா ஸ்கொயர் பூன் மன்னிப்புக் கேட்டார். பதிவு. 1747-ல் அண்ணன் இஸ்ரேலும் அதையே செய்தான். இந்தத் தடவை அப்பா, 'என் பிள்ளை செய்தது தப்பில்லை' என்று நிமிர்ந்து நின்றுவிட்டார். 1748-ல் சபையை விட்டே நீக்கினார்கள். அதுவும் பதிவு! 1750-ல் குடும்பம் நிலத்தை விற்றுவிட்டு வடக்கு கரோலினா பக்கம் கிளம்பியது. பதினைந்து வயசுப் பையன் டேனியல் எல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்த கதையின் ஆரம்பம், அப்பா வாங்கிய மெமோ.

கென்டக்கிக்குப் போன பிறகு? அங்கே 1790, 1800 இரண்டு வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களும் தொலைந்துவிட்டன. ஆராய்ச்சிக்காரர்கள் கைவைத்தது வரிப் பட்டியலில். மனுஷன் பிறந்ததை சர்க்கார் மறக்கலாம். வரி கட்ட வேண்டியவன் என்பதை மறக்குமா? 21 வயது தாண்டிய ஆண்கள் எத்தனை, குதிரை எத்தனை, மாடு எத்தனை என்று எல்லாம் இருக்கும். ஒரு பையன் பெயர் திடீரென்று பட்டியலில் முளைத்தால், அவனுக்கு வயசு வந்துவிட்டது. கழித்துப் பார்த்தால் பிறந்த வருஷம் சுமாராகக் கிடைக்கும்.

அப்புறம் கோர்ட் கட்டுகள். கென்டக்கியில் ஒரே நிலத்துக்கு இரண்டு, மூன்று பேர் பத்திரம் வைத்திருந்தார்கள். பூன் நிலம் அளக்கும் வேலையும் பார்த்தவர். வம்பு வராமல் இருக்குமா? வழக்கு மேல் வழக்கு. 1798-ல், சாட்சி சொல்ல வரவில்லை என்று அவரைக் கைது செய்ய வாரண்டே போட்டார்கள். 1799-ல் மனுஷர் மூட்டை கட்டிக்கொண்டு மிசௌரிக்குப் போய்விட்டார். அங்கேயும் நிலம் கை நழுவியது. 1814-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சுமார் 850 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தது. பெரும்பகுதி கடனுக்கே போனது. ஒரு மாநிலத்துக்கே வழி திறந்தவருக்குக் கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்.

இதுவரை சிரித்துக்கொண்டு படித்த நான், அந்த வரிப் பட்டியலின் இன்னொரு பத்தியில் நின்றுவிட்டேன். அடிமைகள் எண்ணிக்கை. 1787 வாக்கில் பூனிடம் 7 பேர் இருந்தார்கள். அந்தக் காலத்து வரிப் பட்டியல்களில் அடிமைகளுக்குப் பொதுவாகப் பெயர் கிடையாது. குதிரை, மாடு மாதிரி வெறும் எண். ஷானி மக்கள் 1778-ல் பூனைப் பிடித்துப் போனபோது, தலைவர் பிளாக்ஃபிஷ் அவரை வளர்ப்பு மகனாகவே ஏற்று, 'பெரிய ஆமை' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். பதிலுக்கு ஷானிகளில் எத்தனை பேருக்குக் குடியேறிகளின் ரிஜிஸ்தரில் இடம் கிடைத்தது? தங்கள் மண்ணிலேயே அவர்களுக்குக் கணக்கில் இடமில்லை.

பூன் 1820-ல் மிசௌரியில் இறந்தார். 1845-ல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கென்டக்கியில் மறுபடி அடக்கம் செய்தார்கள். 'நீங்கள் எடுத்துப்போனது வேறு ஆள்' என்று மிசௌரிக்காரர்கள் சொல்லி வந்தார்கள். 1983-ல் ஒரு தடயவியல் நிபுணர், அந்த மண்டையோட்டின் பிளாஸ்டர் அச்சைப் பார்த்துவிட்டு, இது ஒரு கறுப்பருடையதாக இருக்கலாம் என்றார். மற்ற நிபுணர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவேளை உண்மையாக இருந்தால்? பெயரே இல்லாத ஒருவருக்குத்தான் அத்தனை மரியாதையும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, பரணில் இருக்கும் பழைய வில்லங்கப் பத்திரத்தையும் கோர்ட் தீர்ப்பு நகலையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா நல்லவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் யாரோடு, எந்த வரப்புக்காகச் சண்டை போட்டார், அப்போது பக்கத்தில் நின்ற கொள்ளுப்பாட்டி பெயர் என்ன என்பது அங்கேதான் இருக்கும்.